தொட்டியும் மழையும்

கொடுப்பது நல்லது என்பதில் நம் இலக்கியத்துக்கு ஐயம் இருந்ததில்லை. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும் நாம் பள்ளிப் பருவத்திலேயே அறிந்தோம். முல்லைக்கொடி தேரைக் கேட்கவில்லை. மயில் போர்வையை உடுத்திக்கொள்ளப் போவதுமில்லை. வேண்டுமா, பயன்படுமா என்று எண்ணிப் பாராமல், உள்ளம் இரங்கிய அந்த நொடியிலேயே கை நீண்டுவிட்டது. இத்தகைய ஈகைக்குக் கொடைமடம் என்று பெயர். மடம் என்றால் அறியாமை. அறியாமையைக் குறிக்கும் ஒரு சொல்லைப் புகழ்மொழியாக ஆக்கிக்கொண்டது தமிழ். புறநானூற்றில் பேகனைப் பாடும் பரணர், விளைநிலம் என்றும் உவர்நிலம் என்றும் வேறுபாடு பாராமல் பொழியும் மழையையே அவனுக்கு உவமையாக்குகிறார்.

இந்தப் பெருங்கொள்கையை மறுத்துப் பேசும் துணிவு நமக்கில்லை. ஆயினும் ஒரு கேள்வி சில ஆண்டுகளாக எங்கள் தில்லி வீட்டுப் பால்கனியில் நின்றுகொண்டிருக்கிறது. மழையைப் போலக் கொடுப்பது எல்லா இடத்திலும் அறமாகுமா? கொடுத்தலும் பேணுதலும் ஒன்றுதானா? இக்கேள்வியை எழுப்பியது எந்த நூலும் அன்று. மண்தொட்டி ஒன்றில் தூண்போல் நிமிர்ந்து நிற்கும் ஒரு கள்ளிச்செடிதான் அதை எழுப்பியது.

கள்ளி என்றதும் பாலைத்திணை நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் சங்கப் பாடல்களின் பாலையில் நின்ற கள்ளி வேறு. எங்கள் தொட்டியில் நிற்பது வேறு. முன்னது சதுரக்கள்ளி, திருகுகள்ளி முதலியவற்றின் குடும்பம். ஒடித்தால் வெண்பால் வடியும். அது கண்ணில் பட்டால் பெருந்துன்பம். பின்னதில் பால் இல்லை. அதன் தாயகம் தென்னமெரிக்கா. தாவர நூலார் அதனைச் செரியஸ் என்பர்; மெழுகுதிரியைக் குறிக்கும் இலத்தீன் சொல் அது. 1492-இல் கடல்வழி திறந்த பின்னரே அத்தகைய செடிகள் பிற கண்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. இவ்விரு குடும்பங்களும் உறவுடையன அல்ல. ஆயினும் உலகின் வெவ்வேறு பகுதிகளில் ஒரே வகையான வறட்சியை எதிர்கொண்டு, ஒரே வகையான உடலைப் பெற்றன. இலையைத் துறந்து, தண்டையே பச்சையாக்கி, அதையே நீர்ச்சேமிப்பாகவும் ஆக்கிக்கொண்டன. நாமோ இரண்டையும் கள்ளி என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். பெயர் தெரிந்துவிட்டால் பொருளும் தெரிந்துவிட்டது என்று மயங்குவது மனித இயல்பு. எங்கள் முதல் பிழையும் அந்த மயக்கத்தில்தான் பிறந்தது.

சாலையோர நாற்றங்காலில் ஒரு சாண் உயரத்தில் அதை வாங்கி வந்தோம். "கள்ளிதானே, தண்ணீரே வேண்டாம்" என்றார் ஒரு நண்பர். "செடிதானே, தண்ணீர் ஊற்றாமல் எப்படி?" என்றார் இன்னொருவர். இரண்டு அறிவுரையும் தவறு என்பது பின்னால் விளங்கியது. கள்ளிக்கு நீர் வேண்டும். ஆனால் எப்போதும் வேண்டாம். எப்போது வேண்டும் என்பதைப் பருவமே சொல்லும்.

பெரும்பொழுது ஆறு என்று வகுத்தனர் நம் இலக்கணத்தார். ஆவணி, புரட்டாசி கார்காலம் என்று தொடங்கி, ஆனி, ஆடி முதுவேனில் என்று முடியும் அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு வடக்கே வருபவர் முதலில் தடுமாறுவர். இங்கே சித்திரையும் வைகாசியும் இளவேனில் அல்ல. லூ என்னும் அனற்காற்று எழும் கொடுவேனில். ஜூன் இறுதியில் தொடங்கும் மழை செப்டம்பர் இறுதியில் விடைபெறுகிறது. சென்னையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் தில்லி வறண்டு கிடக்கிறது. மார்கழியிலும் தையிலும் இரவு வெப்பம் ஐந்தாறு பாகைக்கு இறங்குகிறது; சில இரவுகளில் அதற்கும் கீழே போகிறது. ஊரில் கற்ற நாட்காட்டியைக் கொண்டு இங்கே ஒரு செடியை வளர்க்க இயலாது.

மாசி பிற்பகுதியில் குளிர் தளர்ந்ததும் தூணின் உச்சியில் புதிய முட்கள் பளிச்சென்று அரும்பும். செடி விழித்துக்கொண்டது என்பதற்கு அதுவே அடையாளம். அப்போது தொட்டி நனைந்து அடித்துளை வழியே வழியும் வரை நீர் ஊற்றலாம். அதன்பின் மண் அடிவரை காயும் மட்டும் காத்திருக்க வேண்டும். மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றை மண்ணில் செருகி எடுத்துப் பார்த்தால் உண்மை தெரியும். ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தால் சொம்பைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். கொடுவேனிலில் மண்தொட்டி விரைந்து காயும். ஆகவே வாரம் ஒருமுறை மாலையில் நீர் தேவைப்படும். அந்நாளில் நண்பரின் சொல்லை நம்பி நீரே ஊற்றாதிருந்தால் இளஞ்செடி வதங்கிப்போகும். மழைக்காலத்தில் தொட்டியைக் கூரைக்கு உள்ளடங்க இழுத்துவைக்க வேண்டும். புரட்டாசிக்குப் பின் நீரைப் படிப்படியாகக் குறைத்து, மார்கழியிலும் தையிலும் ஏறத்தாழ நிறுத்திவிட வேண்டும். வெயில் மட்டும் விழட்டும். குளிரைத் தனியே தாங்கும் செடி, குளிரும் ஈரமும் சேர்ந்தால் தாங்காது, வேர் அழுகிவிடும்.

குளிர்கால ஓய்வுதான் வளர்ப்பவருக்குக் கடினமான பருவம். செடி சற்றே சுருங்குகிறது. விலா எலும்புகள் போன்ற அதன் மடிப்புகள் ஆழமாகத் தெரிகின்றன. பார்ப்பவர் உள்ளம் பதைக்கிறது. ஆனால் அம்மடிப்புகள் அமைந்திருப்பதே அதற்காகத்தான்: நீர் உள்ளபோது விரியவும், இல்லாதபோது சுருங்கவும். நாம் துன்பம் என்று காண்பது அதற்கு இயல்பு.

அது சும்மா நிற்கிறது என்று எண்ணுவதும் பிழை. பெரும்பாலான செடிகள் பகலில் நுண்துளைகளைத் திறந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொள்கின்றன. கள்ளியோ, பகல் வெப்பத்தில் திறந்தால் நீர் வீணாகும் என்பதால், இரவில் திறக்கிறது. இரவில் வாங்கியதை அமிலமாகச் சேர்த்துவைத்து, பகலில் கதவை மூடிக்கொண்டு அதைக்கொண்டு உணவு சமைக்கிறது. இவ்வகைச் செடிகளின் இந்த மறைபொருளுக்கு முதலில் கிடைத்த தடயங்களுள் ஒன்று இந்திய மண்ணிலிருந்து போனது என்பது நாம் மகிழத்தக்க செய்தி. தென்னாட்டில் பணிபுரிந்த பெஞ்சமின் ஹெய்ன் என்னும் தாவர ஆய்வாளர், ரணகள்ளியின் இலை விடியலில் புளிப்பதையும் நண்பகலுக்குள் அப்புளிப்பு மறைந்துவிடுவதையும் மென்று பார்த்து எழுதினார். அக்குறிப்பு 1815-இல் இலண்டனில் அச்சாயிற்று. கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று நம் சிறுவர்கள் அழைக்கும் அதே செடிதான் ரணகள்ளி. பகலில் மட்டும் பார்ப்பவனுக்கு இரவில் நடக்கும் வேலை தெரியாது. பிறர் சும்மா இருக்கிறார் என்று நாம் முடிவு கட்டும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவையும் நாங்கள் ஓரளவு கற்றுவிட்டோம் என்று நினைத்திருந்த ஓர் ஆண்டில்தான் அந்த நிகழ்ச்சி நேர்ந்தது.

எங்களுள் ஒருவரின் தாயார் கார்த்திகை மாதத்தில் ஊரிலிருந்து வந்தார். எழுபது வயதைக் கடந்தவர். கணவரை இழந்து ஓராண்டு ஆகியிருந்தது. இனி அவருக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று உறுதி பூண்டோம். சமையலறைப் பக்கம் வர வேண்டாம் என்றோம். படியேற வேண்டாம், குனிய வேண்டாம், குளிரில் பால்கனியில் நிற்க வேண்டாம் என்றோம். கம்பளிச் சால்வையும் அறையைச் சூடேற்றும் கருவியும் வாங்கினோம். வேண்டியதெல்லாம் இருந்த இடத்துக்கே வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாளடைவில் பேச்சுக் குறைந்தது, உணவும் குறைந்தது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் சால்வையை இன்னும் இறுக்கிப் போர்த்தினோம்.

தை மாதத்தில் ஒரு நாள் கள்ளியின் அடிப்பகுதி பழுப்பேறி, தொட்டால் அமுங்கியது. அழுகல் நாற்றம் வீசியது. நாங்களோ கார்த்திகைக்குப் பின் ஒரு சொட்டு நீரும் ஊற்றியிருக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது: நாங்கள் அலுவலகம் சென்றபின், நாள்தோறும் குளித்து முடித்ததும் தாயார் அதற்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறார். "இதற்குக் குளிர்காலத்தில் தண்ணீர் ஆகாதம்மா" என்றோம், சற்றுக் கடுமையாகவே.

அவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். "எல்லாத்தையும் நீங்களே செஞ்சுடறீங்க. இந்தக் கைக்கு வேற என்னப்பா வேலை இருக்கு?" என்றார்.

அந்த ஒரு சொல்லில் நாங்கள் பேச்சிழந்து நின்றோம். கள்ளிக்கு அவர் செய்ததை அவருக்கு நாங்கள் செய்துகொண்டிருந்தோம். அங்கும் அன்புதான், இங்கும் அன்புதான். குளிர்காலத்தில் ஓய்ந்து நிற்க வேண்டிய ஒன்றுக்கு அவர் நீர் வார்த்தார். உழைத்தே பழகிய கைகளுக்கு நாங்கள் ஓய்வை வார்த்தோம். அவருக்கு எது வேண்டும் என்று அந்த இரண்டு மாதத்தில் ஒரு நாளும் கேட்கவில்லை. வாங்கிக் கொடுத்த ஒவ்வொரு பொருளும் எங்கள் மனத்துக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலையே அவருடைய நலம் என்று தவறாகப் படித்துவிட்டோம்.

கொடைமடம் பற்றிய கேள்விக்கு இங்கே ஒரு விடை கிடைப்பதாகத் தோன்றுகிறது. மழை ஏன் அளவு பாராமல் பெய்யலாம்? மழைக்குக் கீழே நிலம் இருக்கிறது. மிகுந்த நீரை நிலம் வடித்துவிடும். எஞ்சியது ஓடையாய் ஓடும். வேர் தனக்கேற்ற ஈரத்தைத் தேடி நகரும். பேகனின் மயிலுக்கும் காடு இருந்தது. போர்வை வேண்டாமென்றால் உதறிவிட்டுப் பறந்திருக்கும். பெறுபவர் மறுக்க முடிகிற இடத்தில் கொடைமடம் தீங்கற்றது, அழகானதும்கூட. ஆனால் தொட்டியில் நிற்கும் செடி எங்கே நகரும்? ஊற்றிய நீர் முழுதும் அதன் காலடியில்தான் நிற்கிறது. ஓர் உயிரை அதன் மண்ணிலிருந்து பெயர்த்துத் தொட்டியில் வைத்தவர், அதற்குமேல் மழையாக இருக்கும் உரிமையை இழந்துவிடுகிறார். அளவறியும் கடமை அவர் தலையில் ஏறிவிடுகிறது.

அந்தத் தாயாரை ஊரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவர்கள் நாங்கள். ஊரில் அவருக்குக் கோயிலுக்குப் போகும் வழி தெரியும். கீரைக்காரியோடு வாதாடத் தெரியும். பிடிக்காத பேச்சு வந்தால் எழுந்து அடுத்த வீட்டுக்குப் போகத் தெரியும். மூன்றாம் மாடி வீட்டில், மொழி தெரியாத தெருவில், எங்கள் அன்பிலிருந்து ஒதுங்கிக்கொள்ள அவருக்கு ஓர் இடமும் இல்லை. மறுக்க இடமில்லாதவருக்குக் கொடுக்கும்போது இருமடங்கு எச்சரிக்கை வேண்டும் என்பதை நாங்கள் அறியாது போனோம்.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். அளவு பார், காத்திரு, கொடுக்காதே என்று தொடங்கினால் அது கருமித்தனத்துக்கு நல்ல போர்வையாகிவிடாதா? முதியவர்களைத் தனியே விட்டுவிட்டு, அவர்கள் தற்சார்போடு வாழட்டும் என்று சொல்பவர் இல்லையா? உண்டு. மறுப்பில் நியாயமும் உண்டு. குளிர்காலத்தில் பேணப்படும் கள்ளியின் தொட்டியும் காய்ந்திருக்கிறது. கைவிடப்பட்ட கள்ளியின் தொட்டியும் காய்ந்திருக்கிறது. வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே.

வேறுபாடு தொட்டியில் இல்லை, பார்வையில் இருக்கிறது. கைவிட்டவர் பார்ப்பதில்லை. பேணுபவர் நாள்தோறும் பார்த்துவிட்டு ஊற்றாமல் திரும்புகிறார். மாவுப்பூச்சி பற்றியிருக்கிறதா, அடி மெலிகிறதா, உச்சி வெளுக்கிறதா என்று நோக்கிய பிறகே அந்தத் திரும்புதல் நிகழ்கிறது. ஊற்றுவதைவிட அதிக உழைப்பு அதில் அடங்கியிருக்கிறது. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருந்துகளின் பெயரை அடுக்கவில்லை. முன் உண்டது அற்றதை அறிந்து, பின்னரே அளவோடு உண்பதைத் திரும்பத் திரும்ப வற்புறுத்துகிறார். முன் ஊற்றியது காய்ந்ததா என்று குச்சியைச் செருகிப் பார்ப்பதும் அந்த நெறியே. மேலும், செடியால் வாய்திறந்து சொல்ல முடியாது. ஆதலால் நாம் குறிகளைக் கொண்டு ஊகிக்கிறோம். மனிதரிடம் அந்த இடர்ப்பாடு இல்லை. கேட்டால் சொல்வார்கள். கேட்காமல் கொடுப்பதும் கேட்காமல் மறுப்பதும் ஒரே குற்றத்தின் இரண்டு முகங்கள்.

பிள்ளைகளின் பொருட்டும் இதைச் சிந்திக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் சொனோரன் பாலைவனத்தில் சகுவாரோ என்னும் பெருங்கள்ளி வளர்கிறது. நாற்பது அடிக்குமேல் உயர்ந்து, நூற்றைம்பது ஆண்டுகளையும் கடந்து வாழ வல்லது. அத்தகைய பேருரு தன் முதல் எட்டு ஆண்டுகளில் ஒன்று, ஒன்றரை அங்குலமே வளர்கிறது. முதல் கிளை கிளைக்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இளமையில் கடும் வெயிலிலிருந்தும் பனியிலிருந்தும் அதைக் காப்பது அருகில் நிற்கும் ஒரு மரத்தின் நிழல். செவிலிமரம் என்றே அதைச் சொல்லலாம். அம்மரம் செய்வதெல்லாம் நிழல் தந்து நிற்பதே. வளர்ச்சியை இழுத்து நீட்டுவதில்லை. எட்டு வயதுக் குழந்தைக்கு எட்டு வகுப்புகள் ஏற்பாடு செய்யும் பெருநகரத்துப் பெற்றோராகிய நாம், அந்த ஓர் அங்குலத்தைப் பொறுத்துக்கொள்வோமா என்பது ஐயமே.

விரைவுபடுத்தியதன் விளைவைக் கள்ளி தன் உடலிலேயே எழுதி வைத்துக்கொள்ளும். குளிருக்கு அஞ்சி அதை இருண்ட அறைக்குள் வைத்து நீரும் ஊற்றினால், ஒளியைத் தேடி மெலிந்து வெளிறி நீளும். வளர்ந்துவிட்டதே என்று நாம் மகிழ்வோம். வெயிலுக்குக் கொண்டுவந்தபின் மேலே வளர்வது பழையபடி பருத்து வளரும். நடுவே அந்த மெலிந்த இடுப்பு மட்டும் அப்படியே நிற்கும். எத்தனை ஆண்டு கழித்து எவ்வளவு உரமிட்டாலும் அது பருக்காது. பின்னாளில் மேற்சுமை கூடி அந்த இடத்தில்தான் ஒடியும்.

அழுகிய கள்ளிக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறோம். பழுப்பு நிறம் சிறிதும் தெரியாத உயரம் வரை தூய கத்தியால் வெட்டி, அடியைக் குப்பையில் எறிந்தோம். மேல்பாதியை உடனே நட்டால் அதுவும் அழுகும். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்ட வேண்டும். ஆகவே மண்ணும் நீரும் இல்லாமல் அலமாரியோரம் நிழலில் நிறுத்திவைத்தோம். குளிர்காலமாதலால் ஆறு வாரம் அப்படியே நின்றது. காயத்துக்குச் செய்யக்கூடிய பெரும்பணி அதைத் தொடாமல் இருப்பதே. தாயார் நாள்தோறும் அதன் பக்கத்தில் போய்ப் பார்ப்பார். "இது எதைத் தின்னு உசிரோட இருக்கு?" என்று வியப்பார். பங்குனியில் மணலும் செங்கல் துண்டும் பாதிக்குமேல் கலந்த மண்ணில் அதை நட்டவர் அவரே. வேர் பிடித்தது தெரிந்த பிறகே முதல் நீரை ஊற்றினார்.

அதற்குள் வீட்டிலும் சில மாறியிருந்தன. சமையலறையின் காலைப்பொழுது அவர் கைக்குத் திரும்பியது. நீர் ஊற்ற ஆசைப்படும் கைக்கு நீர் விரும்பும் செடி வேண்டும் என்று, தொட்டியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வந்தது. சித்திரையில் ஊருக்குப் போக வேண்டும் என்றார். கொடுவேனிலில் அங்குத் தனியே எப்படி இருப்பார் என்ற சொல் எங்கள் நாவுவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு பயணச்சீட்டு வாங்கினோம். அடுத்த கார்த்திகையில் தாமே வண்டியேறி வந்தார். அதன்பின் நான்கு குளிர்காலம் வந்தார்.

கள்ளி இப்போது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. சில ஆண்டுகளாகக் கோடையின் ஓர் இரவில் பூக்கிறது. அந்தி சாய்ந்தபின் விரியும் பெரிய வெண்பூ, விடிந்து வெயில் ஏறுவதற்குள் தளர்ந்துவிடுகிறது. அந்த ஓரிரவுக்காக ஆண்டு முழுவதும் நாங்கள் செய்தது என்ன என்று கணக்கிட்டால், ஊற்றிய நாள்களைவிட ஊற்றாமல் பார்த்து நின்ற நாள்களே மிகுதி.

பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவில் குடும்பம் அமைத்துக்கொண்ட நாம் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் தொட்டி வைத்தவர்களே. மூத்தோரை இங்கே அழைத்து வருகிறோம். இளையோரை இங்கே வளர்க்கிறோம். பாரியின் மனமும் பேகனின் கையும் நமக்கு வேண்டாம் என்பதில்லை. அவற்றோடு, மண்ணில் செருகிப் பார்க்க ஒரு மூங்கில் குச்சியும் வேண்டும். இந்தத் தை மாதத்திலும் காலைதோறும் அதைச் செருகிப் பார்க்கிறோம். காய்ந்த குச்சியே வருகிறது. இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்று சொம்பு நீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றிவிட்டு உள்ளே வருகிறோம்.